வாசித்ததற்குச் சாட்சி கேட்காதீர்கள்

பதினைந்து வயது மகனின் தந்தை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் நல்ல வாசகர். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள். மகனுக்குப் பேச்சு வருவதற்கு முன்பிருந்தே இரவில் கதை வாசித்துக் காட்டியிருக்கிறார். பதினோரு வயதுவரை பையனும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தான். ஒன்று முடிந்தால் அடுத்தது எங்கே என்று நச்சரிப்பான். அதற்குப் பிறகு மெல்லக் குறைந்தது. இப்போது மூன்று வருடமாக அலமாரிப் பக்கமே போவதில்லை. கேட்டால் "போர்ப்பா" என்ற ஒரே பதில். கதவைச் சாத்திக்கொண்டு செல்போனோடு இருக்கிறான். இரவு ஒரு மணிக்கும் அறையில் வெளிச்சம் தெரிகிறது. காலை ஆறு மணிக்கு எழுப்பினால் எழுவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். மதிப்பெண்ணும் இறங்கியிருக்கிறது.

தந்தை ஒரு திட்டம் போட்டார். அவர் எடுத்துக் கொடுக்கும் புத்தகத்தைத் தினமும் முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும். முடித்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பணம். நான்கு சுருக்கங்கள் வந்தன. நான்காவதைப் படிக்கும்போது சந்தேகம் வந்து விசாரித்தால், நான்கையும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். உறவினர்கள் கூடியிருந்த இடத்தில் "ஏமாற்றுக்காரன்" என்று கத்திவிட்டார். தம்பி மகனைக் காட்டி, "அவனும் உன் வயசுதான், வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிக்கிறான்" என்றும் சொல்லியிருக்கிறார். அன்றே போனைப் பிடுங்கி முழுக்கத் துழாவியிருக்கிறார். "ஆபாசமோ சூதாட்டமோ இல்லை. ஜப்பானியக் காமிக்ஸ் நூற்றுக்கணக்கில், அப்புறம் கால்பந்து ஆட்ட உத்திகளைப் பற்றிய நீள நீளமான கட்டுரைகள். இதில்தான் நேரத்தை வீணாக்கியிருக்கிறான்" என்கிறார். மூன்று வாரமாக மகன் அவரோடு பேசுவதில்லை. போன் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

அவர் கேட்பவை: மறுபடி எப்படி வாசிக்க வைப்பது? வாசிப்புப் பழக்கம் இருந்தால் கெட்ட சகவாசம் அண்டாது என்று நம்புகிறேன், சரிதானே? போனைச் சோதித்தது தவறா? இவனுக்கு மனதில் ஏதாவது கோளாறா? கடைசியில், கேள்வியாக இல்லாமல் ஒரு வரி: "எனக்குப் பிறகு இந்தப் புத்தகங்களை யார் தொடப் போகிறார்கள் என்றே தெரியவில்லை."

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு மூன்று முறை படித்தேன். மற்றதெல்லாம் மகனைப் பற்றிய கவலை. இது உங்களைப் பற்றியது. ஒரு காலத்தில் இரவுதோறும் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிய பிள்ளை இன்று கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்த இழப்பு உண்மையானது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் துக்கம், அவனுடைய குறை அல்ல. இந்த இரண்டும் உங்கள் கடிதத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவன் ஒரு நாவலை மூடி வைத்தால் உங்களையே மூடி வைத்தது போல வலிக்கிறது. அந்த வலியோடு போட்ட திட்டம் என்பதால்தான் அதில் இவ்வளவு கண்டிப்பு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு திருத்தம். உங்கள் மகன் வாசிக்கிறான்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான காமிக்ஸ், நீள நீளமான கட்டுரைகள். ஆட்ட உத்தியைப் பற்றிய ஒரு நல்ல கட்டுரையை எப்போதாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? ஒரு அணி ஏன் நடுக்களத்தை விட்டுக்கொடுத்தது, எதிரணி அதை எப்படிப் பயன்படுத்தியது, வரைபடம் எதைக் காட்டுகிறது, எழுதியவரின் வாதம் எங்கே வலுவிழக்கிறது என்று தொடர்ந்து யோசித்தால்தான் புரியும். பாடப்புத்தகத்தின் பல பக்கங்களைவிட அது கடினம். காமிக்ஸும் அப்படித்தான். வசனத்தையும் படத்தையும் சேர்த்து, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் சொல்லாமல் விட்டதை ஊகித்து, நூறு அத்தியாயங்களுக்கு முன் வந்த ஒரு பாத்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். வாசிப்பு என்று நீங்கள் எதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்களோ அந்த வேலை அத்தனையும் அங்கே நடக்கிறது. அட்டையும் முதுகும் கொண்ட பொருளாக அது இல்லை, அவ்வளவுதான்.

திரையில் படிப்பது படிப்பில் சேர்த்தியா என்று உங்களுக்குத் தோன்றலாம். 2018ல், 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. தகவல் சார்ந்த உரைகளைக் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கதைகளில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பாடம் படிக்கக் காகிதம் மேல் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. போனில் படிப்பது படிப்பே இல்லை என்று சொன்னால் இல்லை.

வாசிப்பை விட்டு விலகுவதில் அவன் தனி ஆளும் அல்ல. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிட நடத்தும் பீசா தேர்வின்போது 2009ல் பதினைந்து வயதினரிடம் கேட்டபோது, உறுப்பு நாடுகளில் சராசரியாக 37 சதவீதம் பேர் இன்பத்துக்காக வாசிப்பதே இல்லை என்றார்கள். அப்போது இன்றைய செல்போன் பழக்கம் இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. பழியை முழுக்கப் போன் தலையில் கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வயது என்பது என்ன

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 வயதில் தொடங்கி 19 வரை நீள்கிறது. ஏறத்தாழ பத்து வருடம். அதன் நட்ட நடுவில் உங்கள் மகன் நிற்கிறான்.

முதலில் தூக்கம். பூப்பெய்தும் காலத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலடோனின் சுரப்பு சிறுவயதில் இருந்ததைவிடத் தாமதமாகத்தான் தொடங்குகிறது. அதனால் பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் உண்மையிலேயே தூக்கம் வராது. சோம்பலோ திமிரோ காரணம் இல்லை. கையில் போன் இருந்தால் இந்தத் தாமதம் இன்னும் நீள்கிறது என்பதும் உண்மை. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் பரிந்துரைத்தது. ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படும் பையனுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். நீங்கள் சொன்ன எரிச்சல், மதிப்பெண் சரிவு ஆகியவற்றில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். அப்படித் தூங்கி எழுந்தவனிடம் மாலையில் ஒரு கனமான நாவலைக் கொடுத்தால் மூன்றாவது பக்கத்தில் கண் சொருகும். அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர்தான் "போர்ப்பா".

இரண்டாவது, பிறர் பார்வை. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967ல் ஒரு கருத்தைச் சொன்னார். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் உட்கார்ந்து கவனிப்பது போன்ற உணர்வு இருக்கும் என்றார். கற்பனைப் பார்வையாளர் என்று அதற்குப் பெயர். முகத்தில் ஒரு பரு வந்தால் உலகமே பார்ப்பதாகத் தோன்றும். கூட்டமே இல்லாதபோது இப்படி என்றால், நிஜமாகவே உறவினர் கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது சொந்த அப்பா "ஏமாற்றுக்காரன்" என்று சொன்னால் அது எப்படி விழுந்திருக்கும்? கூடவே ஒப்பிடுவதற்குத் தம்பி மகன் வேறு. பாவம், அந்தப் பையனுக்கும் இனி உங்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

மூளை வளர்ச்சி பற்றி ஊரே பேசுவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சியையும் பரிசு ஆசையையும் இயக்கும் பகுதிகள் சீக்கிரம் சூடுபிடிக்கின்றன. யோசித்துத் தடுக்கும் முன்மூளைப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். 2005ல் நடந்த ஒரு சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டின்போது நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பதின்வயதினர் கூடுதல் ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

இங்கேதான் உங்கள் நம்பிக்கை ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. வாசிக்கிற பிள்ளையைக் கெட்ட சகவாசம் அண்டாது என்கிறீர்கள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் ஆலோசனைக்காக என் அறைக்கு வந்த பிள்ளைகளில் நிறைய வாசிப்பவர்களும் இருந்திருக்கிறார்கள். புகையும் பொய்யும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. பிறர் மனதுக்குள் கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு வர வாசிப்பு உதவும். தனக்கு நடப்பதற்கு ஒரு சொல் கிடைக்கும். அது பெரிய உதவி. அதைத் தடுப்பூசியாக நினைத்துப் போடப் போனால், ஊசியைப் பார்த்து ஓடுவது போலத்தான் ஓடுவார்கள்.

உங்கள் திட்டம் ஏன் தோற்றது

ஒரு நாள் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பில் கேள்விக்குப் பதில், வீட்டுப்பாடம், வாரத் தேர்வு, மாதத் தேர்வு. எதைப் படித்தாலும் படித்தாயா என்று யாராவது சோதிக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் சோதனை இல்லாத வாசிப்பு என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நீங்கள் அதற்கும் தேர்வு வைத்துவிட்டீர்கள். இரண்டு பக்கச் சுருக்கம் வேறு என்ன? நாமே யோசித்துப் பார்ப்போம்: நீங்கள் ஒரு நாவலை முடித்து அந்த மயக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேலதிகாரி வந்து நாளை காலைக்குள் இரண்டு பக்க அறிக்கை கேட்டால் அடுத்த நாவலை எடுப்பீர்களா?

பணமும் அப்படித்தான். 1973ல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை. கூலி பேசி முடித்த உடனே அது கூலி வேலையாகிவிடுகிறது. உங்கள் மகனும் அப்படியே எடுத்துக்கொண்டான்: வேலை இது, கூலி இது, சீக்கிரம் முடிக்க ஒரு கருவி இருக்கிறது.

அதற்காக அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. நான்கு முறை ஏமாற்றியிருக்கிறான், பணமும் வாங்கியிருக்கிறான். அதை அவனிடம் பேசத்தான் வேண்டும். பள்ளி வேலையிலும் இப்படிச் செய்கிறானா என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் அங்கே நஷ்டம் அவனுடையது. ஆனால் பேச வேண்டியது தனி அறையில், குரல் தணிந்திருக்கும் ஒரு நாளில். நான்கு பேர் முன்னால் அல்ல.

புத்தகத் தேர்வு பற்றி ஒன்று. உங்கள் பட்டியலை அனுப்பியிருந்தீர்கள், பெயர்களை இங்கே தரவில்லை. அருமையான பட்டியல். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு! வாழ்க்கையில் இழந்ததை எண்ணிப் பார்க்கும் மனிதர்களின் கதைகள் பாதிக்கு மேல். பதினைந்து வயதில் இழப்பதற்கு இன்னும் எதுவும் கைக்கு வரவில்லையே. நானும் இதில் யோக்கியம் இல்லை. என் மகளுக்குப் பதிமூன்று வயதானபோது எனக்குப் பிடித்த ஒரு நாவலை அவள் மேசையில் வைத்துவிட்டு, ஒரு மாதம் தினமும் புத்தகக்குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நகர்ந்தது. பல நாள் கழித்துத்தான் சொன்னாள், நான் பார்ப்பது தெரிந்து அவளே தினமும் பத்துப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாளாம்.

போனைச் சோதித்தது

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

1989ல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் குழந்தைகள். அதே உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 31ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. 5ஆவது பிரிவு பெற்றோரின் பொறுப்பை ஒப்புக்கொள்கிறது. குழந்தையின் திறன் வளர வளர அந்த வழிகாட்டுதலும் அதற்கேற்ப மாற வேண்டும் என்கிறது. இது அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதை நீட்டி உங்கள்மீது யாரும் வழக்குப் போட வரப் போவதில்லை. ஆனால் ஏழு வயதில் பையைத் திறந்து பார்ப்பதும் பதினைந்து வயதில் போனைத் திறந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை உலகம் யோசித்தே எழுதி வைத்திருக்கிறது.

தன் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசுகிறான், முகம் தெரியாத பெரியவர் யாரோ தொடர்புகொள்கிறார், படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், பணம் காணாமல் போகிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் சோதிப்பது உங்கள் கடமை. அப்போதும் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முதல் வழி. நீங்கள் செய்தது அப்படியில்லை. சுருக்கம் பொய் என்று தெரிந்த கோபத்தில் துழாவினீர்கள். எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காமல் போனதுதான் உங்களுக்கு நல்ல செய்தி, ஆனால் அவனிடம் அந்த நல்ல செய்தியைச் சொல்லாமல் "நேரத்தை வீணாக்கினாய்" என்று இன்னொரு குற்றத்தைச் சேர்த்துவிட்டீர்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அப்பா பார்ப்பார் என்று தெரிந்த பிள்ளை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்ளும். அதைவிட மோசமானது, நாளைக்கு இணையத்தில் நிஜமாகவே யாராவது மிரட்டினால், போன் பறிபோகும் என்ற பயத்தில் உங்களிடம் சொல்லாது.

கோளாறு ஏதாவது இருக்கிறதா

கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வது முறையல்ல. கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது. பல நேரம் எரிச்சலாகவே வரும். எரிச்சலோ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் தினமும் நீடிக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? சாப்பாடு, எடை, தூக்கம் வெகுவாக மாறியிருக்கிறதா? நண்பர்களையும் விட்டு ஒதுங்கிவிட்டானா? உடலை மறைத்தே உடுத்துகிறானா, காயத் தழும்பு இருக்கிறதா? வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா? இவற்றில் சில சேர்ந்து இருந்தால் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ தாமதிக்காமல் பாருங்கள். சாவைப் பற்றி யோசிக்கிறாயா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்று சொன்னால் அவனைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்த விவரம், அவனுக்கு இன்னும் கால்பந்திலும் காமிக்ஸிலும் அவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்பது. ஆர்வம் வற்றாத இடத்தில் மனச்சோர்வுக்கான சந்தேகம் குறைகிறது, முழுக்கப் போய்விடாது.

கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இந்த வயதில் கிட்டப்பார்வை கூடுவது சகஜம். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிக்கல் கொண்ட டிஸ்லெக்சியா போன்றவை பொதுவாகச் சின்ன வயதிலேயே தெரியும். பதினோரு வயதுவரை விழுந்து விழுந்து படித்த பையன் என்பதால் இவனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. உரக்க வாசிக்கும்போது வரி தவறுகிறதா, படித்ததையே திரும்பப் படிக்கிறானா என்று பள்ளியில் கேட்டுப் பார்த்தால் போதும்.

இனி என்ன செய்யலாம்

முதல் வேலை மன்னிப்பு. தந்தையர் பலருக்கு இது கசக்கும், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. நீளமாக வேண்டாம். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொன்னது தப்பு. உன்கிட்ட சொல்லாம போனைப் பார்த்ததும் தப்பு. ரெண்டுக்கும் மன்னிச்சிரு." அவ்வளவு போதும். இதற்குப் பிறகு "ஆனா நீயும்..." என்று ஒரு வாக்கியம் வாய்வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள். அவன் பதில் சொல்லாமல் போனாலும் பின்னாலேயே போகாதீர்கள். சுருக்கத்தில் ஏமாற்றிய பேச்சு வேறொரு நாளைக்கு. தம்பி மகனை இனி எந்த வாக்கியத்திலும் சேர்க்க வேண்டாம். முடிந்தால் அன்று இருந்த உறவினர்களிடமும், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். அவமானம் பொதுவில் நடந்தது. அதைத் துடைப்பது மட்டும் ஏன் ரகசியமாக நடக்க வேண்டும்?

போனைத் திருப்பிக் கொடுங்கள், ஒரே ஒரு விதியோடு: இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கும். எல்லார் போனும் என்றால் உங்களுடையதும்தான். எந்த நேரம் என்பதை அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். பதினொன்று என்று அவன் பேரம் பேசினால் ஒரு மணிக்கு அது எவ்வளவோ மேல். முதல் வாரம் முகம் சுளிப்பான். படுக்கையில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாத அந்த அரை மணி நேரத்தில்தான் பல பிள்ளைகள் புத்தகத்தை மறுபடி கையில் எடுக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனும் எடுப்பான் என்று உறுதி தர மாட்டேன். எடுக்காவிட்டாலும் தூக்கம் மிச்சம்.

முக்கால் மணி நேரத் திட்டம், பணம், சுருக்கம் மூன்றையும் ரத்து செய்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். மாற்றுத் திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். இது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். செய்வதற்கு வேலை இருக்கிறது, ஆனால் அது அவன் கண்ணில் வேலையாகத் தெரியக் கூடாது.

உங்கள் அலமாரியை அவன் கண்ணால் பாருங்கள். அவன் வயதுக்காரர்கள் நாயகர்களாக வரும் கதைகள் எத்தனை? விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை, குற்றக் கதை, திகில், அறிவியல் புனைவு, அச்சில் வந்த காமிக்ஸ் எத்தனை? அவன் போனில் படிக்கும் தொடரின் அச்சுப் பிரதி கிடைத்தால் வாங்கிக் கூடத்தில் போடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம், "உனக்காக வாங்கினேன்" என்றும் சொல்ல வேண்டாம். இன்னும் நல்லது, பணத்தைக் கொடுத்து அவனையே நூலகத்துக்கோ புத்தகக் கடைக்கோ நண்பனோடு அனுப்புவது. வரும்போது வெறுங்கையோடு வந்தாலும் சரி, நீங்கள் முகம் சுளிக்கும் அட்டையோடு வந்தாலும் சரி, வாயைத் திறக்காதீர்கள். பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாம், பக்கங்களைத் தாண்டலாம், முடிவை முதலில் படிக்கலாம். நாமெல்லாம் செய்கிறோமே!

காதலும் உடலும் வன்முறையும் வரும் புத்தகங்களைப் பற்றியும் கேட்பீர்கள். பதினைந்து வயதில் அந்தக் கேள்விகள் அவனுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு நல்ல கதையில் அவற்றுக்குக் காரணமும் விளைவும் உண்டு. தேடுபொறியில் கிடைப்பதில் அது இல்லை. எல்லை தாண்டியதாக உங்களுக்கு நிஜமாகவே பட்டால், பிடுங்குவதற்கு முன் நீங்களும் அதைப் படித்துவிடுங்கள். படிக்காமல் தடை செய்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேச உங்களுக்கு ஒன்றும் இருக்காது.

கேட்பதும் வாசிப்புதான். ஒன்றாகப் பயணம் போகும்போது ஒலிப்புத்தகம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போகும் நேரத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் பேசுவது போல வேறெப்போதும் பேச மாட்டார்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கதை பாதியில் நின்றால் நல்லதுதான்.

இவ்வளவும் செய்தாலும் அவன் உங்களைப் போன்ற வாசகனாக வருவான் என்று சொல்ல முடியாது. இன்னும் மூன்று வருடம் நாவல் பக்கம் வராமலே இருக்கலாம். இருபத்தைந்தில் திடீரென்று வரலாம். வராமலும் போகலாம். பதினோரு வருடம் நீங்கள் வாசித்துக் காட்டிய மொழி அவனுக்குள் இருக்கிறது; வராவிட்டாலும் அது எங்கும் போகாது. ஆனால் அவன் உங்களோடு பேசாமல் கழியும் இந்த வாரங்கள் திரும்பக் கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் பேச்சைத்தான் முதலில் எடுப்பேன்.

உங்கள் புத்தகங்களை யார் தொடுவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பதில் எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு அவனுடையதை நீங்கள் தொடலாம். போனைத் திருப்பிக் கொடுத்துச் சில நாள் போகட்டும். அப்புறம் அந்தத் தொடரை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். ஜப்பானியக் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் சில பக்கங்கள் கண்டிப்பாகத் தடுமாறுவீர்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது என்று அவன் சொல்லித் தரட்டும்.